நாலு பல்லு போட்ட பொறவு

ஏனம்மிணி, மூணாம் வருசப் படிப்புக்கு வந்த பொறவுதான் சொராரிட்டியில, அதான் அமெரிக்கக் காலேஜுப் பொண்ணுக சங்கத்துல, சேரோணும்னு உனக்கு ரோசனை வந்துச்சா? வரட்டும். ரெண்டு வருசமா ஹாஸ்டலு, லைப்ரரி, நூடுல்ஸுன்னு ஓட்டிப்போட்டே. கூடப் படிக்கறவளுக நெஞ்சுல கிரேக்க எழுத்துப் போட்ட சட்டையோட திரியறப்போ உனக்கும் மனசு கேக்காதல்ல? அதுல தப்பு ஒண்ணுமில்ல. போறதுக்கு முந்தி இந்தக் கெழவன் சொல்றதைச் சித்த கேட்டுட்டுப் போ.

மக ஊட்டுக்குன்னு அலபாமா வந்தவன் நானு. அலபாமா யுனிவர்சிட்டி இருக்கற டஸ்கலூசாவுல வெயிலைத் தவிர பாக்கறதுக்கு என்ன இருக்குதுன்னுதான் நெனச்சேன். ஆகஸ்டு மாசம் வந்துச்சு பாரு! கிளாஸு இன்னும் தொடங்கலை. அதுக்குள்ள சொராரிட்டிக்கு ஆளு சேக்கற ரஷ்ஷுன்னு சுமார் 2,500 பொண்ணுக தெருவுல நிக்கறாளுக. ஒவ்வொரு சொராரிட்டிக்கும் ஒரு ஊடு, ஒவ்வொரு ஊடும் வெள்ளைத் தூணு வெச்ச அரமணை. வாசல்ல வரிசை. ஒவ்வொருத்தி தோள்லயும் ஒரு பை. அதுக்குள்ள என்னத்தைச் செமக்கறாளுகன்னு பேத்திகிட்டக் கேட்டேன். பேட்டரியில சுத்தற கைக்காத்தாடி, மாத்துச் செருப்பு, தண்ணி பாட்டல், வேர்வை நாத்தத்துக்குப் பூசற குச்சி, காலு கொப்புளிச்சா ஒட்டறதுக்குப் பிளாஸ்திரி. நடக்கறப்போ ரப்பர் செருப்பு. கேட்டுகிட்ட வந்ததும் அது பைக்குள்ள போயிருது, குதிகால் செருப்பு காலுக்கு ஏறுது. படிக்கப் போறவளுக்குப் பிளாஸ்திரி எதுக்குன்னு கேட்டேன். பேத்தி சிரிக்கறா.

கதவு தெறந்தா ஒரே பாட்டும் கைதட்டும்தான். உள்ள போனா ஒருத்தி வந்து, எந்த ஊரு, என்ன படிக்கறேங்கறா. நீ வாயைத் தெறந்து பாதி சொல்றதுக்குள்ள இன்னொருத்தி வந்து பக்கத்துல நிக்கறா. முன்னவ எந்திரிச்சு அடுத்தவகிட்டப் போயி அதே சிரிப்பைச் சிரிக்கறா. பையனுக, சாராயம், சாமி, பணம், ஓட்டு, இந்த அஞ்சையும் அங்க பேசப்படாதாம். அட, நாலு மனுசரு கூடினா வேற என்னத்தைப் பேசறது? ஊட்டு நாயைப் பத்திப் பேசலாமாம். அதனால எல்லாளும் நாயைப் பத்தியே பேசறாளுக.

2021-ல இந்தக் கூத்து டிக்டாக்குல ஏறி ஒலகமே பாத்துச்சு. காலையில எந்திரிச்சதும் கேமரா முன்னால நின்னு, சட்டை இந்தக் கடை, செருப்பு அந்தக் கடை, கம்மலு இன்னொரு கடைன்னு ஒப்பிக்கறாளுக. பேண்ட்ஸ் ஸ்டோர்னு ஒரு கடை இருக்குது. இவளுக அங்க போயிக் கவுனு வாங்கறாளுக. போதாக்கொறைக்கு, எப்படி நிக்கறது, எப்படிச் சிரிக்கறதுன்னு சொல்லிக் குடுக்க ஆளு வேற. அதுக்குப் பல ஆயிரம் டாலரு பீஸு. சிரிக்கறதுக்கு ட்யூஷன் வெக்கற காலமும் வந்திருச்சு அம்மிணி.

இதையெல்லாம் பாத்தப்போ எங்கூருச் சந்தைதான் நெனப்பு வந்துச்சு. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில நான் பாக்காத யாவாரம் இல்ல. உன்னைய மாட்டோட சேத்துப் பேசறேன்னு கோவிச்சுக்காதே, காங்கேயங்காளைக்கு எங்கூர்ல மரியாதை எச்சு. வாங்க வர்றவன் மொதல்ல வாயைப் பொளந்து பல்லைத்தான் பாப்பான், வயசு அதுல தெரிஞ்சுரும். பல்லு போடாததுன்னா இன்னும் வெகு வருசம் உழும். நாலு பல்லு போட்டுருச்சுன்னா, ஏனப்பா இத்தனை நாளு எங்க வெச்சிருந்தேம்பான். மாட்டுல கொறை ஒண்ணுமில்ல. அவன் கணக்குப் போடறது மிச்சமிருக்கற வருசத்தை.

நீ நாலு பல்லு அம்மிணி. மொத வருசப் புள்ள ஒருத்தி சேந்தா நாலு வருசத்துக்குச் சந்தா. அலபாமாவுல அது அரை வருசத்துக்கே ஆயிரக்கணக்குல டாலரு. அவ அரமணையில ரூமு எடுத்துத் தங்குவா, ரெண்டு வருசத்துல செகரட்டரியோ பிரசிடெண்டோ ஆவா. நீ சேந்தா, புது உறுப்பினர்னு பாடம் படிக்கறதுலயே பல வாரம் போயிரும். பொறவு மிஞ்சறது ஒண்ணரை வருசம். அதுலயும் பாதி வேலை தேடறதுல கழியும். இதையெல்லாம் அவளுக வாயால சொல்ல மாட்டாளுக. “நீ எவ்வளவு ஸ்வீட்டு”ன்னு கட்டிப்புடிச்சு அனுப்பிப்போட்டு, ராத்திரி பேரை அடிச்சிருவாளுக. காலையில பட்டியல்ல அந்த ஊடு இல்லீன்னா, உன்ற மூக்குல கொறையான்னு கண்ணாடி முன்னால நிக்காதே. மூக்குல இல்ல, பல்லுல.

பல்லு மட்டுமா, தோலும் பாத்தவளுகதான். அலபாமாவுல 2013 வரைக்கும் வெள்ளைக்காரிக ஊடுகள்ல கறுப்புப் புள்ளைகளுக்குக் கதவு ஏறக்கொறைய சாத்தித்தான் கெடந்துச்சு. மார்க்கு இருந்தும், கொணம் இருந்தும் தள்ளிப்போட்டாங்க. கிரிம்சன் ஒயிட்டுன்னு அங்கத்த மாணவர் பத்திரிகை அதைப் போட்டு ஒடச்ச பொறவுதான் கொஞ்சமாச்சும் தெறந்துச்சு. அதனால அவளுக தள்ளறதையும் எடுக்கறதையும் வேதவாக்கா எடுத்துக்காதே.

சரி, சூட்சுமத்துக்கு வர்றேன். சில காலேஜுல மேல் வருசப் புள்ளைகளுக்குன்னு தனி ஒதுக்கீடு வெச்சிருப்பாங்க. உன்ற காலேஜுல அது உண்டான்னு மொதல்ல கேளு. இருந்துச்சுன்னா நீ பதினெட்டு வயசுக்காரிகளோட முட்டிக்க வேண்டியதில்ல. அடுத்தது கையெழுத்து. ஒவ்வொரு சுத்தும் முடிஞ்ச பொறவு நீ ஊடுகளை வரிசைப்படுத்தி எழுதோணும், அவளுகளும் உங்களை வரிசைப்படுத்துவாளுக. எங்க சந்தையில துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு வெலை பேசற மாதிரி, ஒருத்தர் கணக்கு ஒருத்தருக்குத் தெரியாது. ரெண்டையும் கம்ப்யூட்டர் சேத்துப் பாக்கும். கடைசிச் சுத்துக்குப் பேரு ப்ரெஃபரன்ஸ். மெழுகுவத்தி, அழுகாச்சி, எல்லாம் உண்டு. அந்த அழுகாச்சியில மயங்கிப் பாக்காமக் கையெழுத்துப் போட்டுறாதே. நீ எழுதிக் குடுத்த ஊட்டுல இருந்து அழைப்பு வந்து, அப்பால வேண்டாம்னா, அடுத்த வருசத்து ரஷ் வரைக்கும் அந்தக் காலேஜுல வேற ஊட்டுல சேர முடியாது. மொத வருசத்துக்காரிக்கு அது ஒரு வருசம். உனக்கு? அதோட கதை முடிஞ்சுது.

அதுக்காக, வயசாகிப்போச்சேன்னு கூனிக் குறுகிப் போகாதே. இண்டியானாவுல பெட்டி லாக்குன்னு ஒரு புள்ள. அப்பன் அவ படிச்ச காலேஜுல கணக்கு வாத்தியாரு. ஆம்பளைக மட்டும் படிச்ச அந்தக் காலேஜுல மொத மொதல்ல பொம்பளைகளைச் சேத்தப்போ, 1867-ல, உள்ள போனவ அவ. அந்தச் சொராரிட்டிக்காரிக சொல்ற கதை இது: பையனுக சங்கம் ஒண்ணு, எங்க பேட்ஜைக் குத்திக்க, ஆனா உன்னைய உறுப்பினரா சேக்க மாட்டோம்னுச்சாம். அப்படிப்பட்ட பேட்ஜு எனக்கெதுக்குன்னு போட்டு, 1870 சனவரியில இன்னும் மூணு பேரைச் சேத்துக்கிட்டு கப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினா. அன்னைக்கு அவ எத்தனாவது வருசம்? வெரலை விட்டு எண்ணு. இன்னைக்கு அதே மாதிரிப் புள்ள அந்த ஊட்டு வாசல்ல போயி நின்னா, மூணாம் வருசமான்னு மொகத்தைச் சுளிப்பாளுக.

மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்துக்காரரு பேத்தி கமலா ஹாரிஸைத் தெரியுமல்ல? ஹோவர்டு யுனிவர்சிட்டியில அந்தப் புள்ள படிப்பை முடிக்கற 1986-லதான் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவுல சேந்துச்சு. அது கறுப்புப் பொண்ணுக 1908-ல தொடங்கின சொராரிட்டி. 2020-ல அந்தப் புள்ள துணை ஜனாதிபதிக்கு நின்னப்போ, நாடெங்கும் இருந்த அக்கா தங்கச்சிக தேர்தல் நிதிக்கு 19 டாலர் 8 சென்ட், 19 டாலர் 8 சென்ட்டுன்னு அனுப்பினாளுக. நிதிக்கணக்கு எழுதறவனுக்கு இதென்னடா சில்லறைன்னு தலை சுத்தியிருக்கும். 1908-ங்கறதைத்தான் அப்படி எழுதியிருக்காளுக, குசும்புக்காரிக. கடைசி வருசம் சேந்தவதானேன்னு அங்க ஒருத்தியும் சந்தாக் கணக்குப் பாக்கலை.

இன்னொண்ணு. ஆகஸ்டுத் திருவிழா மட்டுந்தான் வழின்னு எவ சொன்னா? ஆளு கொறைஞ்ச ஊடுக வருசம் பூராவும் சத்தமில்லாம ஆளு சேக்கும். கன்டினியூவஸ் ஓப்பன் பிட்டிங்னு அதுக்கு ஒரு பேரு. உன்னையாட்ட நாலு பல்லுக்காரிகளுக்கு அந்தச் சின்னக் கதவுதான் தோது. ஊட்டுக்கு ஆளு வேணும், உனக்கு ஊடு வேணும், ரெண்டு பேரும் நெசத்தைப் பேசலாம். சந்தா எவ்வளவு, ஊட்டுல தங்கியே ஆகோணுமா, கூட்டத்துக்கு வராட்டி அபராதம் உண்டா, கடைசி வருசம் தள்ளுபடி இருக்குதான்னு மூஞ்சிக்கு நேரா கேளு. பணத்தைப் பத்திப் பேசப்படாதுன்னா, பில்லு மட்டும் எதுக்கு அனுப்பறாளுக? அப்படியே ஒரு செவ்வாக்கெழமை சாயங்காலம், விருந்தாளி வராத நேரத்துல, அவளுக ஒருத்தருக்கொருத்தரு எப்படிப் பேசிக்கறாளுகன்னு ஓரமா ஒக்காந்து பாரு. காச்சல்ல கெடக்கறவ ரூமுக்கு எவளாச்சும் கஞ்சி கொண்டு போறாளான்னு பாரு.

அந்தச் சின்னக் கதவுகிட்டப் பாட்டு இல்ல, கைதட்டு இல்ல. ஒரு காப்பிக் கடையில ஒக்காந்து ரெண்டு பேரு பேசுவாளுக, அவ்வளவுதான். அதுக்குப் போயி பேண்ட்ஸ் ஸ்டோர்ல புதுக் கவுனு எதுக்கு? இருக்கற சட்டையைத் தொவைச்சுப் போட்டுட்டுப் போ... அட, நில்லு அம்மிணி, தலையையாச்சும் சீவிக்கிட்டுப் போ!