இடது கை மழித்த ஆசாரி

வீடு கட்டுகிற இடத்தில் இந்த ரக ஆசாரியைக் கண்டுபிடிப்பது சுலபம். வலது கையில் முடி இருக்கும், இடது கையில் இருக்காது. தீட்டிய உளிக்குப் பதம் பார்ப்பது அந்த முன்கையில்தான். முடி தீர்ந்துபோனால் சின்ன ஆளின் கையைக் கேட்பார். அவன் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்துவிட்டான்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவருக்கு வயது 58. 16 வயதில் உளி பிடித்தவர். இத்தனை வருஷமும் கிடைத்த கருங்கல்லில் நாலு தேய் தேய்த்துக் காலம் தள்ளினார். போன தீபாவளிக்கு மகன் போன் வாங்கிக் கொடுத்தான், வந்தது வினை. உளியின் முதுகு கண்ணாடி மாதிரி சமமாக இருக்கணும், சாய்வு 25 டிகிரி, நுனி மட்டும் 30 என்று எவனோ ஒரு வெள்ளைக்காரன் அதில் செய்து காட்டிவிட்டான். அன்றிலிருந்து மனிதர் கண்ணாடித் துண்டில் வாட்டர் பேப்பர் ஒட்டி 400, 1000, 2000 என்று நம்பர் நம்பராகத் தேய்க்கிறார். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு. மரத்தைத் தொடுவதற்குள் டீ வந்துவிடும். தேக்கில் மணல்சத்து உண்டு, உளியைச் சீக்கிரம் மழுக்கும். 12 மணிக்கு மறுபடியும் 400.

நாள் கூலி பேசிய வீட்டுக்காரருக்கு வயிறு எரியும். ஆனால் வேலையைக் குறை சொல்ல வாய் வராது. துளையில் கழுந்து இறங்கினால் நடுவில் ஒரு தாள் நுழையாது. இழைப்புளியில் வந்த சீவலைப் பேப்பர்மேல் விரித்து, “எழுத்து தெரியுதா சார்?” என்பார். தெரிகிறது என்று சொல்லும்வரை நம்மை விடமாட்டார்.

இப்போது அவருக்குப் பழைய வேலைகள்தான் எதிரி. “மரத்தூளும் பெவிகாலும்தான் சார் இத்தன நாளா என் மானத்தக் காப்பாத்துச்சு” என்று வீடு வீடாக வாக்குமூலம் கொடுக்கிறார். 1998-ல் எங்கள் பூஜையறைக்கு அவர் போட்ட இரட்டைக் கதவின் சந்தில் ஐந்து ரூபாய்க் காசை நுழைத்தார். அது தாராளமாக உள்ளே போய்ப் பிள்ளையார் காலடியில் விழுந்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

“கூலி வேணாம் சார். ஒரே ஒரு வாரம் கழட்டிக் குடுங்க.”

எதிர்வீட்டில் இப்படிக் கழற்றிக் கொடுத்த ஜன்னல் கதவு மார்கழியில் போனது. இது பங்குனி. அதனால் தெருமுனையில் அவர் சைக்கிள் தலை காட்டினாலே, என் மனைவி ஓடிப்போய்ப் பூஜையறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிடுகிறாள். திறந்து கிடந்தால் சந்து தெரியாதாம்.