புள்ளியியல்: இலவசமாகச் சிங்கப்பூர் செல்லும் நெறி குறித்து ஓர் ஆய்வு

புள்ளி என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. கோலத்துக்கு வைப்பது புள்ளி. மானின் மேல் இருப்பது புள்ளி. ஊரில் செல்வாக்குள்ளவர் பெரும்புள்ளி. அவரே அகப்பட்டுக்கொண்டால் கரும்புள்ளி, செம்புள்ளி. இத்தனையையும் கவனித்த அறிஞர்கள், கடன் அட்டையைத் தேய்த்தால் விழுகிற புள்ளியை மட்டும் ஆராயாமல் விட்டார்கள். அக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களம், குரோம்பேட்டையில் ஒரு வாடகை வீடு. மொட்டை மாடியில் நின்றால் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் இலவசமாகப் பார்க்கலாம். உள்ளே உட்காரத்தான் காசு. ஆய்வுக்கு உட்பட்டோர் நான், மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், 72 வயது அம்மா ஆகிய நால்வர். டிக்கெட்டுக்கு ஒரு பைசா செலவில்லாமல் நால்வரும் சிங்கப்பூர் போய் வருவது இலக்கு. ஆய்வுக் காலம் மூன்றாண்டு. நிதியுதவி, மேற்படி மனைவி. அது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதலில் இலக்கணச் சான்று. ‘க’ என்றால் ஒரு மாத்திரை. அதன் தலையில் ஒரு புள்ளியை வையுங்கள்; ‘க்’ ஆகி அரை மாத்திரையாகச் சுருங்கிவிடும். புள்ளி ஏறினால் மதிப்பு பாதி என்பதை நம் இலக்கணிகள் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அதைச் சரியாகப் படித்தவர்கள் வங்கிக்காரர்கள் மட்டுமே. என் அட்டையில் 1000 புள்ளி இருந்தால் விமான நிறுவனக் கணக்குக்கு மாற்றும்போது 500 மைல். இரண்டுக்கு ஒன்று. ஒருமுறை மாற்றினால் மாற்றியதுதான், திரும்பி வராது.

இன்னொரு விதியும் உண்டு. புள்ளி பெற்ற மெய், உயிரின் துணையின்றி இயங்காது. மைல் டிக்கெட்டும் அவ்வாறே. ‘இலவசம்’ என்று எழுதியிருந்தாலும் வரி, விமான நிலையக் கட்டணம் என்று ரொக்கம் வந்து சேர்ந்தால்தான் அது நகரும். ஆகவே ரொக்கமே உயிர், மைல் வெறும் மெய்.

காலாவதிக்கும் நம்மிடம் முன்னுதாரணம் உண்டு. தொல்காப்பியர் காலத்தில் குறிலான எகரமும் ஒகரமும் ஆளுக்கொரு புள்ளி வைத்திருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுத்தைச் சீர்திருத்தியபோது அவை பறிபோயின. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பத்திரமாக வைத்திருந்த சேமிப்பு, ஒரே திருத்தத்தில் போயிற்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு 36 மாதம்தான் ஆயுள் என்று குறைப்படுபவர்கள் எகரத்தை நினைத்து ஆறுதல் கொள்க.

இனி முன்னோடிகள். அமெரிக்காவில் 1896இல் ஸ்பெரி அண்ட் ஹட்சின்சன் கம்பெனி பச்சை நிற ஸ்டாம்புகளை வெளியிட்டது. கடையில் சாமான் வாங்கினால் ஸ்டாம்பு தருவார்கள். புத்தகத்தில் ஒட்டி நிரப்பினால் வீட்டுச் சாமான் கிடைக்கும். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘ஆட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கி, பறந்த மைலையே ஸ்டாம்பாக்கியது. பிறகு பறக்காமலே மைல் சேரலாம் என்று வந்தது. அங்கேதான் மனித மூளை வேலை செய்யத் தொடங்குகிறது.

இத்துறையின் ஆதி சித்தர் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற கலிஃபோர்னியா பொறியாளர். 1999இல் ஓர் உணவுக் கம்பெனி, பத்துப் பொட்டலங்களின் பட்டைக்குறிகளை வெட்டி அனுப்பினால் 500 மைல், மே மாதத்துக்குள் அனுப்பினால் இரட்டிப்பு என்று அறிவித்தது. கம்பெனி மனத்தில் வைத்திருந்தது இரண்டு டாலர் சாப்பாட்டை. ஃபிலிப்ஸ் கடை கடையாகத் தேடி, அதே கம்பெனியின் புட்டிங் கிண்ணம் 25 சென்ட்டுக்குக் கிடைப்பதைக் கண்டுபிடித்தார். 12,150 கிண்ணம் வாங்கினார். உலகம் அழியப்போகிறது, அதற்குத்தான் சேர்த்து வைக்கிறேன் என்று கேட்டவர்களிடம் சொன்னாராம். பட்டைக்குறி பிரிப்பதற்குள் குடும்பத்தின் விரல் தேய்ந்துவிடும் போலிருந்ததால், சால்வேஷன் ஆர்மி தொண்டர்களிடம் ‘புட்டிங் உங்களுக்கு, பட்டைக்குறி எனக்கு’ என்று ஒப்பந்தம் செய்துகொண்டார். சுமார் 3,140 டாலர் செலவில் பன்னிரண்டரை லட்சம் மைல். தானம் கொடுத்ததற்கு வரிச்சலுகையும் வாங்கினார் என்பதைப் படித்த அன்று நான் எழுந்து நின்றுவிட்டேன்.

வேறு சிலர் இன்னும் நேர்வழியில் போனார்கள். அமெரிக்க நாணயச் சாலை ஒரு டாலர் நாணயங்களை முகமதிப்புக்கே, தபால் செலவில்லாமல், வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கடன் அட்டையில் பெட்டி பெட்டியாக வாங்கி, அப்படியே வங்கியில் கட்டி, அந்தப் பணத்தாலேயே அட்டை பாக்கியை அடைத்தார்கள். மிச்சம் மைல். 2011இல் நாணயச் சாலை விழித்துக்கொண்டு கார்டு வாங்குவதை நிறுத்தியது.

ஆனால் இவர்கள் எல்லாருக்கும் மூத்தவள் நம் தெருவுக்கு வரும் பாத்திரக்காரி என்பது என் துணிபு. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம். ஜரிகை இருந்தால் ஒரு விலை, சாயம் போயிருந்தால் வேறு விலை. விகிதத்தை அவளே வைப்பாள், அவளே மாற்றுவாள். விமான நிறுவனங்கள் செய்வதும் அதுவே. ஒரு வேறுபாடு உண்டு: அவள் விகிதத்தைக் குறைப்பது நம் வாசல் திண்ணையில், நம் முகத்துக்கு எதிரே. எனக்கோ மூன்றாம் ஆண்டில் ஒரு மின்னஞ்சல் வந்தது. தங்கள் அனுபவத்தை மேலும் மேம்படுத்தும் பொருட்டு, இனி இரண்டுக்கு ஒன்று இல்லை, மூன்றுக்கு ஒன்று.

“ரெண்டு பட்டுப்புடவைக்கு ஒரு தூக்கு குடுத்தான்னு வை, வேணாம் போடின்னு புடவைய உள்ள எடுத்துட்டுப் போயிடலாம். உன் புள்ளிய எங்கடா எடுத்துட்டுப் போவ?” என்று அம்மா கேட்டாள். இக்கேள்வியை ஆய்வின் வரம்புக்கு அப்பாற்பட்டது என்று ஒதுக்கினேன்.

களப்பணிக்கு வருவோம். புள்ளி சேர வேண்டுமானால் செலவு வேண்டும். எங்கள் வருமானத்துக்கு அவ்வளவு செலவு கிடையாது. ஆகவே பிறர் செலவை நாடினேன். அலுவலக நண்பர்களோடு சாப்பிடப் போனால் நானே பில்லைப் பறித்தேன். ‘நான் குடுக்கறேன், நான் குடுக்கறேன்’ என்று கல்லாவின் முன் சண்டை போடுவது நம் மரபு. அந்தச் சண்டையை மெய்யாகவே ஜெயிக்க நினைத்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். “பில்ல நான் கார்டுல போடறேன், நீங்க ஜிபேல அனுப்பிடுங்க.” சித்தப்பா மகள் கல்யாணத்தில் மண்டபப் பாக்கி என் அட்டையில். மாடி வீட்டு ஏசி என் அட்டையில். நகைக்கடையில் மட்டும் புள்ளி கிடையாது என்று அட்டையின் விதி சொன்னது. நம் மக்கள் எதில் செலவழிப்பார்கள் என்று வங்கிக்குத் தெரிந்திருக்கிறது.

மச்சினன் வாஷிங் மெஷின் வாங்கினான். 38,000 ரூபாய். நூறு ரூபாய்க்கு இரண்டு வீதம் 760 புள்ளி, அதாவது 380 மைல். வாங்கிய அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகும் வரவில்லை, ஏனென்றால் அவன் பணம் அனுப்பவில்லை. மச்சினனிடம் பணம் திருப்பிக் கேட்பதற்கு எந்த மொழியிலும் வினைமுற்று இல்லை. தீபாவளிக்கு வந்தான், பலகாரம் சாப்பிட்டான், “மெஷின் சூப்பரா ஓடுது மாமா” என்றான். நான் சிரித்தேன். அட்டை பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டு மாதத்தில் மூவாயிரத்துக்கு மேல் போயிற்று. 380 மைல் என்றால் குரோம்பேட்டையிலிருந்து மதுரையைத் தாண்டி நாகர்கோவிலைக்கூடத் தொட முடியாது.

இவ்விடத்தில் மொய்யையும் ஒப்பிட வேண்டும். மொய் நோட்டும் புள்ளிக் கணக்குதான். ஆனால் அதற்குக் காலாவதி கிடையாது. தாத்தா எழுதிய 11 ரூபாய் பேரன் கல்யாணத்தில் 1001 ஆகி வந்து நிற்கும். ஏறுகிற புள்ளி என்று உலகத்தில் அது ஒன்றுதான் உண்டு.

அடுத்த இயல் ‘இல்லறத்தின் மேல் புள்ளிகளின் தாக்கம்’. மனைவி படித்துப் பார்த்து நீக்கச் சொன்னார். நீக்கப்பட்டது.

மைல் சேர்ந்துவிட்டால் இருக்கை கிடைத்துவிடும் என்பது இளம் ஆய்வாளர்களின் மயக்கம். விமானத்தில் மைலுக்கென்று ஒதுக்குவது சில இருக்கைகளே. அவற்றைப் பிடிக்க ஏறக்குறைய பதினோரு மாதம் முன்பே, பதிவு திறக்கிற அன்றே, விழித்திருக்க வேண்டும். மகளின் பள்ளியோ முழுப்பரீட்சை தேதியைப் பதினோரு நாள் முன்னால்கூடச் சொல்வதில்லை. ஒருவழியாகத் தேதி தெரிந்து பார்த்தால், நால்வருக்கு எந்த நாளிலும் இடமில்லை. இருவருக்கு உண்டு, அதுவும் கொழும்பு வழியாக. நம் குடும்பம் நான்காக இருப்பதுதான் குற்றம் என்பதுபோல் அந்தத் திரை என்னைப் பார்த்தது.

முடிவில் அம்மாவும் மனைவியும் காசு கொடுத்து நேர் விமானத்தில் போனார்கள். நான்கு மணி நேரம். நானும் மகளும் இலவசமாகப் போனோம். முதலில் தெற்கே கொழும்பு. அங்கே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம். ஆகமொத்தம் பதினான்கரை மணி. நாற்காலியில் சுருண்டு படுத்திருந்த மகள் நடுவில் ஒருமுறை கண் திறந்து, “பாட்டி இந்நேரம் சிங்கப்பூர்ல இட்லி சாப்பிட்டுட்டு இருப்பாங்க” என்றாள். இது கருதுகோள் மட்டுமே என்றேன். உண்மையில் தோசை என்று பிறகு தெரிந்தது.

சிங்கப்பூரைப் பற்றிச் சொல்ல இங்கே இடமில்லை. அதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒன்று மட்டும். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்றாதலால் அறிவிப்புப் பலகைகளில் தமிழும் இருந்தது. அம்மா நின்று நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். நானும் பார்த்தேன். எல்லா மெய்க்கும் புள்ளி இருந்தது. முஸ்தஃபா கடையில் தைலமும் சாக்லேட்டும் வாங்கி, பழக்க தோஷத்தில் கார்டை நீட்டினேன். வெளிநாட்டுச் செலவுக்கு மூன்றரை சதவீதம் தனி என்பது ஊருக்கு வந்து பில்லைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது. காசு டிக்கெட் இரண்டு, இலவச டிக்கெட்டுக்கு வரி, நால்வருக்கும் விசா, மச்சினன் வட்டி எல்லாவற்றையும் மனைவி ஒரு காலண்டர் தாளின் பின்புறம் கூட்டினார். கூட்டுத்தொகையின் அடியில் இரண்டு கோடு போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. இது ஆய்வாளரை வெகுவாகப் பாதித்தது.

கணக்கில் கொஞ்சம் புள்ளி மிச்சம் இருந்தது, விமானத்துக்குப் போதாது. இந்த மாதக் கடைசியில் காலாவதி என்றும் செய்தி வந்தது. வங்கியின் பரிசுப் பட்டியலைத் துழாவியதில் அத்தனை புள்ளிக்கும் கிடைக்கக்கூடியது ஒன்றே: மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். வரவழைத்தேன். அட்டைப்பெட்டியைப் பிரித்து அம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள், விரலால் சுண்டினாள், அடிப்பக்கம் திருப்பினாள்.

“எடையே இல்லையேடா. உன்னோட ரெண்டு பழைய பேன்ட்டுக்கே அவ இதைவிடக் கனமா குடுப்பா.”