படிக்காத மடலின் நிலைகள்: கட்டளைவரி அஞ்சல் நிரல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஆய்வேடுகள் யாவும் ஆதிமனிதனில் தொடங்குவது மரபு. இடநெருக்கடி கருதி இவ்வாய்வேடு 1972இல் தொடங்குகிறது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா நிறுவனத்துக்கு அப்போது இயக்குநராக இருந்தவர் ஸ்டீபன் லூக்காசிக். அவருக்கு மின்மடல்கள் குவியத் தொடங்கின. டெனெக்ஸ் கணினிகளில் வழங்கிய ரீட்மெயில் என்னும் நிரலுக்குப் பட்டியலிடத் தெரியாது. வந்த மடல் அத்தனையையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கொட்டிவிடும். லூக்காசிக் முறையிட்டார். அவருக்குக் கீழ் பணியாற்றிய லாரன்ஸ் ராபர்ட்ஸ் 'ஆர்டி' என்றொரு நிரலை எழுதிக் கொடுத்தார். மடல்களை வரிசைப்படுத்திக் காட்டும். வேண்டியதை மட்டும் எடுத்துப் படிக்கலாம். மற்றவை கிடந்த இடத்தில் கிடக்கும்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. வலைப்பின்னல் வழியே கணினிவிட்டுக் கணினிக்கு மின்மடல் போனது 1971இல். அதைப் படிக்காமல் இருப்பதற்கான கருவி மறு ஆண்டே வந்துவிட்டது. முந்தைய ஆய்வாளர்கள் இந்த இடைவெளியின் குறுமையைக் கருத்தில் கொள்ளாதது வியப்பளிக்கிறது.

ஆய்வு எல்லையும் முறையியலும்

மூன்று நிரல்கள் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன. கர்ட் ஷோன்ஸ் 1978இல் பெர்க்கிலியில் எழுதிய மெயில் நிரலும் அதன் வழிவந்த மெயில்எக்ஸும் ஒன்று. ராண்ட் நிறுவனத்தில் புரூஸ் போர்டன் 1979இல் எழுதிய எம்ஹெச் இரண்டாவது. மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் வெளியிட்ட மட் மூன்றாவது. மூன்றும் டெர்மினலில் கட்டளை தட்டி இயக்கப்படுபவை. மவுஸ் பிடித்து இயக்கும் செயலிகள் விலக்கப்பட்டன. அவற்றில் கைதவறிக் கிளிக் செய்தாலும் மடல் படிக்கப்பட்டதாகக் கணக்காகிவிடுவதால் தரவின் தூய்மை ஐயத்துக்குரியது.

விளக்கமுறை, பகுப்புமுறை, ஒப்பீட்டுமுறை ஆகிய மூன்றும் கையாளப்பட்டுள்ளன. எல்லா ஆய்வேடுகளிலும் இம்மூன்றும் கையாளப்படுகின்றன என்பதே காரணம்.

கருதுகோள்

அஞ்சல் நிரலின் தலையாய பணி மடலைப் படிக்கவைப்பதன்று. படிக்காமல் விடுவதை முறைப்படுத்தி, விட்டவரின் மனம் உறுத்தாமல் பார்த்துக்கொள்வதே அதன் பணி.

இயல் 1: பட்டியல்

மெயில்எக்ஸைத் திறந்தால் மடலுக்கு ஒரு வரி கிடைக்கும். நிலையைக் குறிக்கும் ஓர் எழுத்து, வரிசை எண், அனுப்பியவர், நாள், அளவு, பொருள். அளவு என்ற இடத்தில் மொத்தம் எத்தனை வரி, எத்தனை எழுத்து என்ற இரு எண்களும் நிற்கும். நம் ஆட்களில் நீண்ட கடிதம் எழுதும் எவரும் முதல் வரியிலேயே இப்படி எச்சரித்ததாகத் தெரியவில்லை. நிரல் எச்சரிக்கிறது.

இனிப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகலாம். 'டாப்' என்று தட்டினால் மடலின் முதல் 5 வரிகள் மட்டும் வரும். பல மடல்களுக்கு அதுவே அதிகம். 'ஹெட்டர்ஸ்' என்றால் ஒரே வரி. நிரலை அழைக்கும்போதே சிறுகோடும் பெரிய ஹெச்சும் சேர்த்தால் பட்டியலை மட்டும் அச்சிட்டு வெளியேறிவிடும்; எந்த மடலையும் திறக்க வாய்ப்பே தராது. சிறுகோடும் சின்ன ஈயும் சேர்த்தாலோ திரையில் ஒன்றுமே வராது. மடல் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வெளியேறும்போது ஒரு குறியெண்ணால் உணர்த்திவிட்டுப் போய்விடும். ஐந்து, ஒன்று, சுழியம் என்னும் இவ்விறங்குமுகத்தைக் கருதுகோளின் முதற்சான்றாகக் கொள்ளலாம்.

எம்ஹெச் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. அதன் 'ஸ்கேன்' கட்டளை பொருள் வரியை எழுதிய பின் திரையில் இடம் மீந்தால், இரு கோணக்குறிகள் இட்டு மடலின் உள்ளிருந்தே தொடக்கச் சொற்களை எடுத்து நிரப்பும். மடலைத் திறக்க வேண்டிய கடைசிக் காரணமும் அதனால் நீங்குகிறது.

இயல் 2: நிலைகள்

படித்தது, படிக்காதது என்று இரண்டே நிலைகள் உண்டென்பது பாமரர் கொள்கை. யூனிக்ஸ் உலகின் பொதுத் தரமான பாசிக்ஸ் இதை ஏற்பதில்லை. புதியது, பழையது, படித்தது என மடல்களை அது மேலும் பகுக்கிறது. இவற்றுள் 'பழையது' என்பதற்குத் தரும் இலக்கணம் தருக்க நூலார் கண்டால் மகிழ்வர்: படித்ததும் ஆகாது, புதியதும் ஆகாது, எஞ்சியது பழையது. மட் நிரலில் 'படிக்காதது' என்பதோ தனி நிலையன்று. புதியதையும் பழையதையும் ஒருசேர அடக்கும் தொகைப்பெயர்.

இதன் உட்பொருளை விரித்தால் இவ்வாறாகும். மடல் வந்தது. வந்ததைக் கண்டீர். யாரிடமிருந்து, எதைப் பற்றி என்றும் அறிந்தீர். திறக்காமல் வெளியேறினீர். அடுத்த முறை அது புதியதாகத் தோன்றாது, படித்ததாகவும் தோன்றாது. இந்நிலையைக் குறிப்பதில் பாடபேதம் உண்டு. பெர்க்கிலி மரபு 'யு' என எழுதும். மட் 'ஓ' என எழுதும். படிக்காமல் வெளியேறினால் 'ஓ' இட வேண்டுமா என்பதை முடிவு செய்ய மட்டில் தனி அமைப்பே உண்டு. யாரும் கைவைக்காவிட்டால் அது இடும். பெர்ன்ஸ்டைன் வகுத்த மெயில்டிர் என்னும் மடல் சேமிப்பு முறையிலோ இது இடப்பெயர்ச்சியாகவே நிகழ்கிறது. கண்ணில் பட்ட மடல் 'நியூ' அடைவிலிருந்து 'கர்' அடைவுக்குக் குடிபோகும். படித்தால்தான் பெயரின் வாலில் 'எஸ்' என்ற எழுத்து ஏறும்.

மெயில்எக்ஸின் 'டச்' என்னும் கட்டளை இவ்வியலின் சிகரம். அதற்கு இலக்கான மடல், ஒரு வரிகூடத் திரையில் வராமலே, படித்து முடித்தவற்றுக்கான பெட்டிக்கு அனுப்பப்படும். கோப்பைப் பிரிக்காமலே சுருக்கொப்பமிட்டுத் தள்ளும் மேலதிகாரியின் கலை, நிரல் வடிவம் பெற்றது இங்கேதான்.

வெளியேறுவதிலும் இருவகை உண்டு. 'க்யூ' தட்டினால் செய்ததெல்லாம் பதிவாகும். 'எக்ஸ்' தட்டினால் அழித்தவைகூட மீண்டு, பெட்டி வந்தபோது இருந்தபடியே இருக்கும். வந்ததற்கே சான்றில்லை.

இயல் 3: வடிகட்டல்

பட்டியல் நீண்டபோது வடிகட்டி தேவையாயிற்று. மெயில்எக்ஸில் ஓர் ஆளின் முகவரியைத் தந்தால் அவர் மடல்கள் மட்டும். சாய்கோடிட்டு ஒரு சொல்லைத் தந்தால் பொருள் வரியில் அச்சொல் உள்ளவை மட்டும். முக்காற்புள்ளியிட்டு ஓரெழுத்தைத் தந்தால் அந்நிலையில் உள்ளவை மட்டும்.

இதன் பயன் அறிய வேண்டுமானால் லினக்ஸ் சேவையகம் ஒன்றில் ரூட் பயனருக்குரிய பெட்டியைப் பார்க்க வேண்டும். நேரத்துக்கு வேலைகளை ஓட்டும் கிரான், எந்த வேலையாவது வாய்திறந்து ஒரு வரி சொன்னாலும் அதை மடலாக்கி அனுப்பிவிடும். கேட்பாரற்ற சேவையகத்தில் அவை ஆயிரக்கணக்கில் சேரும். நல்லவேளையாக அவற்றின் பொருள் வரி 'கிரான்' என்றே தொடங்கும். 'டி' என்று தட்டி, சாய்கோடிட்டு அச்சொல்லைச் சேர்த்தால் அத்தனையும் ஒரே அடியில் ஒழியும். 'உறுதியாகவா?' என்ற கேள்வி கிடையாது. கணினி எழுத, கணினி ஒழிக்க, மனிதக் கண்ணே படாமல் நடந்து முடியும் கடிதப் போக்குவரத்து இது.

மட் இக்கலையை இலக்கணமாகவே ஆக்கியது. சிற்றெழுத்து 'எல்' தட்டி, அலைக்குறியுடன் ஓரெழுத்தைத் தந்தால் போதும். 'எஃப்' அனுப்பியவரையும், 'எஸ்' பொருளையும், 'டி' நாளையும் குறிக்கும். முன்னால் ஆச்சரியக்குறி வந்தால் எதிர்மறை. 'இன்னாரிடமிருந்து வராதவை, இந்த வாரத்தவை, படிக்காதவை' என்று தொடர் அமைக்கலாம். எச்சரிக்கை ஒன்று: பேரெழுத்து 'எல்' என்பது குழுமடல் பட்டியலுக்கே பதில் எழுதும் கட்டளை. உலகை மறைப்பதற்கும் உலகத்துக்கே வாய்திறப்பதற்கும் இடையில் இருப்பது ஒரு ஷிஃப்ட் விசை.

எம்ஹெச்சில் நீக்கலும் மென்மையானது. 'ஆர்எம்எம்' கட்டளை மடலை அழிக்காது. அதன் எண்ணுக்கு முன் ஒரு காற்புள்ளி இட்டு ஒதுக்கும். முற்றுப்புள்ளி வைப்பதைப் பின்னொரு நாள் வேறொருவர் பார்த்துக்கொள்வார்.

இயல் 4: தமிழ் மடல்களின் தனித்தன்மை

மடலின் தலைப்பகுதி ஆங்கில எழுத்துகளுக்காக அமைந்தது. 1992இல் வந்த மைம் மரபு பிறமொழி எழுத்துகளைக் குறியீடாக்கி அனுப்ப வழிசெய்தது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவும் 3 பைட். அதைப் பேஸ்64 ஆக்கினால் 4 எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லில் 5 குறியுருக்கள். ஆகவே 15 பைட், 20 எழுத்து. மைம் அறியாத பழைய மெயில்எக்ஸ் இந்த 20ஐயும் அப்படியே பட்டியலில் காட்டும்.

இக்குறியீடுகளை ஆராய்ந்ததில் ஓர் உண்மை புலனாயிற்று. மொழிமுதலில் எவ்வெழுத்துகள் வரும், எவை வாரா என்று தொல்காப்பியம் முதலாக வரையறுத்து வந்துள்ளனர். அவ்வளவு பாடு தேவையில்லை. உயிர் ஆயினும் மெய் ஆயினும், இம்முறையில் குறியீடாகும் தமிழ்ச் சொல் எதுவும் '4கே6' என்றே தொடங்கும். இந்தி ஆயின் '4கேஎஸ்'.

எனவே 'திருமணம்' என்று தேடினால் அழைப்பிதழ் அகப்படாது. '4கே6' என்று தேடினால் தமிழ் மடல் அத்தனையும் வரிசையில் வந்து நிற்கும். எது அழைப்பிதழ், எது கடன் நினைவூட்டல் என்று மட்டும் தெரியாது. திறக்காமல் விட இதனினும் நேர்மையான காரணம் கிடைப்பதரிது.

மறுப்பும் விடையும்

'ஒன்றைத் தேடிப் படிக்கத்தானே வடிகட்டுகிறோம்?' என்பாரும் உளர். அற்றன்று. ஒன்றைத் தேடிப் படிப்பது ஒரு மடலைப் பற்றிய செயல். அதன்பொருட்டு மறைந்தவை மற்ற எல்லா மடல்களும். பெரும்பான்மை பற்றிப் பெயரிடுதலே முறை.

முடிவுகளும் மேலாய்வுக் களமும்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது, கருதுகோளை வகுத்தவரே ஆய்வையும் செய்ததால் இதில் வியப்பில்லை.

எனினும் ஒன்று சொல்ல வேண்டும். இந்நிரல்களில் 'பழையது' என்ற எழுத்து பெற்றவரின் பெட்டியில் மட்டுமே இருந்தது, அனுப்பியவருக்குத் தெரியாது. வாட்ஸாப்பின் நீல டிக் அந்த மறைப்பைக் கிழித்துவிட்டது. தனி உரையாடலில் அதை அணைத்து வைக்கலாம். குழுவில் அதுவும் முடியாது. 47 வயதில் குடும்பக் குழுவில் பெரியப்பாவின் காலை வணக்கத்தைப் பார்த்தும் பதிலளிக்காதவர், பார்த்தார் என்பது பெரியப்பாவுக்குத் தெரிந்தே தீரும். பார்த்தும் பாராதிருக்கும் உரிமை 1978இல் இருந்தது, இன்று இல்லை என்பது தனி ஆய்வுக்குரிய பொருள்.

அவ்வாய்வுக்கு நெறியாளராக இசைவோர் மடல் எழுதலாம். அம்மடல் உரிய நிலையில் வைக்கப்படும்.