ஐந்து மணிக்கு லைன் கிளியர் இல்லை

தைபே
12.6.114

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

மேலே தேதியைப் பார்த்துப் பதற வேண்டாம், கடிதம் சங்க காலத்திலிருந்து வரவில்லை. சீனக் குடியரசு தொடங்கிய 1912தான் தைவானில் முதலாம் ஆண்டு. திருவள்ளுவர் ஆண்டுக்கு நாம் 31 கூட்டுகிறோம். இவர்கள் 1911 கழிக்கிறார்கள். வந்த வாரம் ஒரு படிவத்தில் பிறந்த வருடம் 1985 என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் அதை அடித்துவிட்டு 74 என்று திருத்தினாள். வயதைத்தான் எழுதிவிட்டாளோ என்று கண்ணாடிக் கதவில் ஒருமுறை முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

“சிங்கப்பூர், தைபே ரெண்டும் ஒரே மணி, ரெண்டுலயும் சீனர்தான். அப்புறம் என்னடா புது ஊர்?” என்று, நான் சிங்கப்பூரிலிருந்து இங்கே மாறியபோது போனில் கேட்டீர்களே! ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் வேறெப்படிக் கேட்பார்?

மணி ஒன்றுதான், உங்களைவிட இரண்டரை மணி முன்னால். ஆனால் சிங்கப்பூருக்கு அது இரவல் மணி. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியது. பக்கத்து வீட்டோடு ஒத்துப்போக சிங்கப்பூரும் தள்ளியது. சூரியனிடம் யாரும் சொல்லவில்லை. இன்றுவரை அங்கே விடிய ஏழாகிறது, பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள். தைபேயில் இந்த மாதம் ஐந்துக்கெல்லாம் விடிந்துவிடுகிறது. முதல் நாள் வெளிச்சத்தைப் பார்த்து அலறி எழுந்து, அரைகுறையாகக் குளித்து, அலுவலகத்துக்கு ஓடினேன். வழியில் பூங்காவில் பாட்டிமார்கள் காற்றைத் தடவுவதுபோல் நிதானமாகக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். மணி ஐந்தரை!

ஆறு வருடம் சிங்கப்பூரில் பொறுக்கிய சீன எழுத்தும் இங்கே செல்லாக் காசு. அங்கே சுருக்கெழுத்து, இங்கே ஒரு கோட்டையும் விட்டுக்கொடுக்காத பழைய எழுத்து. 1979இல் அங்கே அரசு மாண்டரின் இயக்கம் தொடங்கியபின் ஹொக்கியன் மெல்ல மெல்லத் தாத்தா பாட்டிகளோடு ஒதுங்கிவிட்டது. அதே மொழியில் இங்கே ரயில் நிலையம் பெயர் சொல்கிறது. அங்கே ரயிலில் கேட்கும் தமிழ்தான் இங்கே இல்லை. அது இல்லாமல் காது ஏதோ மறந்துவிட்டதுபோல் இருக்கிறது.

நகரும் படிக்கட்டில் அங்கே இடப்பக்கம் நிற்க வேண்டும், இங்கே வலப்பக்கம். நம்மூர் பஸ்ஸில் துண்டு போடுவதுபோல் அங்கே உணவங்காடி மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம்பிடிப்பார்கள். பழக்கதோஷத்தில் இங்கும் வைத்தேன். வரிசையில் நின்ற என்னைத் தேடி வந்து, இரண்டு கையாலும் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார் ஒரு பெரியவர். திரும்பிப் பார்த்தால் என் மேசையில் அவர் குடும்பம்!

ஆனால் உண்மையான வித்தியாசம் குப்பையில் இருக்கிறது. சிங்கப்பூரில் என் சமையலறைச் சுவரிலேயே குப்பைக் குழாய்; நள்ளிரவிலும் போடலாம். இங்கே குப்பைக்கு நேரம் உண்டு. நகராட்சியின் நீலப் பையைக் காசு கொடுத்து வாங்கி நிரப்பிவைத்துக் காத்திருக்க வேண்டும். லாரி பீத்தோவன் இசைத்துக்கொண்டே வரும். இசை கேட்டதும் மேலாளர், மாமியார், மாணவன் எல்லாரும் செருப்போடு தெருவுக்கு ஓடுகிறார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை நான் தெரிந்துகொண்டதே அந்த ஓட்டத்தில்தான். சிங்கப்பூரில் ஆறு வருடத்தில் எதிர்வீட்டுக்காரரை லிஃப்டில் பார்த்ததோடு சரி.

எங்கள் தெருவுக்கு வண்டி இரவு ஏழரைக்கு, அதாவது உங்களுக்கு மாலை ஐந்து. நீங்கள் சொல்லிவைத்தாற்போல் ஐந்துக்குத்தான் போன் செய்கிறீர்கள். போன வாரம் உங்களோடு பேசிக்கொண்டே நின்றதில் வண்டியை விட்டுவிட்டேன். மீன் முள் வீட்டிலேயே தங்கியது.

ஆகவே பெரியப்பா, புதனும் ஞாயிறும் வண்டி கிடையாது, எந்நேரமும் அழைக்கலாம். மற்ற நாட்களில் ஐந்து மணிக்கு லைன் கிளியர் இல்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்

பி.கு.: பெரியம்மாவிடம் சொல்லுங்கள். சூயிங்கத்தையே 1992இல் தடைசெய்த ஊரிலிருந்து, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையில் பச்சைப் பாக்கைச் சுற்றி நியான் விளக்குக் கடையில் விற்கும் ஊருக்கு வந்திருக்கிறேன். அவர் தாராளமாக வரலாம்.