தோட்டத்து வலி: பாட்டிலா, படத்திலா?

கேள்வி: தோட்டத் தமிழரின் துயரத்தைச் சொல்லப் பாரதியின் பாட்டே போதாதா? 'ஜகாட்' மாதிரி மலேசியத் தமிழ்ப் படங்கள் எதற்கு?
– வாசகர், ஈப்போ

பதில்: இரங்க மட்டும்தான் வேண்டுமென்றால் போதும்! பாரதி பிஜித் தீவைப் பார்த்ததே இல்லை. அங்கே கரும்புத் தோட்டங்களில் வாடிய பெண்களைப் பற்றிய 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டில் அவர்களுக்குப் பெயரோ முகமோ கொடுக்கவும் இல்லை. அதனால்தான் பேராக்கில் விடியுமுன் பால்மரம் சீவப் போன பாட்டிகளும் அதற்குள் இடம்பிடிக்கிறார்கள். படத்துக்கு அந்த வசதி கிடையாது. கேமராவுக்கு முன்னால் யாராவது ஒருவர் நின்றாக வேண்டும். இயக்குநர் சஞ்ஜே குமார் பெருமாள் 2015இல் 'ஜகாட்' படத்தில் நிறுத்தியது அப்போய் என்ற 12 வயதுப் பையனை. காலம் 1990களின் தொடக்கம். தோட்ட வாழ்க்கை கைவிட்டுப் போய், குடும்பம் புறம்போக்குக் குடியிருப்பில் இருக்கிறது. படி, படி என்று கண்டிக்கும் அப்பா ஒரு பக்கம். குண்டர் கும்பலில் இருக்கும் உறவு இன்னொரு பக்கம். 'நம் பிள்ளைகளை ரவுடிகளாகக் காட்டலாமா?' என்று சிலர் கேட்கலாம். படம் அந்த வாழ்க்கையைப் புகழவில்லையே! சூட்டிகையான ஒரு பையன் எந்தெந்தப் படிகளில் இறங்கினான் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. இதைப் பாட்டின் சில வரிகளில் அடக்க முடியாது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படம் இதுதான். பாரதி பாட்டை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இதையும் போட்டுக் காட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.