ஏழாவது ஹோலின் இடப்பக்கம்

பெருமதிப்பிற்குரிய நகரப் பூங்காத் துறை அதிகாரி அவர்களின் சமூகத்துக்கு,

கலிஃபோர்னியாவில், தங்கள் ஆளுகைக்கு உட்பட்ட பூங்காவில், தட்டை வீசிக் கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் ஆடிவரும் அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

முதலில் தங்கள் சிக்கனத்துக்கு ஒரு கும்பிடு. புல்வெளி கோல்ஃப் என்றால் தண்ணீர், உரம், புல் வெட்டும் வண்டி என்று கஜானா கரையும். எங்களுக்கோ கல்லும் சரிவும் விஷப்படர்கொடியும் மண்டிய, வேறு யாரும் கேட்காத மூலையைக் காட்டி, கூடைகளை நட்டுவிட்டுப் போனீர்கள். புதர் வெட்டியதும், வீசத் தொடங்கும் டீ மேடைக்குக் கான்கிரீட் போட்டதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள். திறப்பு விழாப் பலகையில் பெயர் மட்டும் தங்களுடையது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

1975-ல் இதே மாநிலத்தில், பாசடீனாவுக்குப் பக்கத்து ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானத்தை அமைத்தபோது இலக்கு வெறும் கம்பம்தான். டிஸ்க் பட்டதா, படவில்லையா என்று ஓயாத வாக்குவாதம். அதைத் தீர்க்கவே சங்கிலி தொங்கும் கூடையை உருவாக்கினார். சங்கிலி டிஸ்கின் வேகத்தை உறிஞ்சிக் கீழே கூடைக்குள் விடும். இங்கே பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டிகூட வைக்காமல், அந்தக் கூடையில் காப்பிக் கோப்பைகளும் விழ வழிசெய்தது தங்கள் சொந்தச் சாதனை.

இனி ஏழாவது ஹோல். வலக்கைக்காரர் பேக்ஹேண்டாக வீசும் டிஸ்க், வேகம் தணியும்போது இடப்பக்கம் சாயும். சுழற்சி அப்படி. குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதியை மனத்தில் வைத்துத்தானோ என்னவோ, கூடைக்குச் சரியாக இடப்பக்கத்தில் பெஞ்சு போட்டிருக்கிறீர்கள். போதாததற்கு நடைபாதையையும் அவ்வழியே வளைத்து, "நடப்போருக்கு வழிவிடுக" என்று எங்களுக்கு ஒரு பலகை வேறு. வழிவிடுகிறோம் ஐயா. ஆபத்து என்றால் எறியக் கூடாது என்பது ஆட்ட விதியிலேயே இருக்கிறது. அதனால்தான் பெஞ்சில் ஒரு பெரியவர் நாளிதழ் படித்து முடிக்கும்வரை நான்கு குழுக்கள் வரிசையில் நிற்கின்றன. அவர் குறுக்கெழுத்தைத் தொட்டுவிட்டால் நாங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவோம்.

2002-ல் ஹெட்ரிக் மறைந்தபின், அவர் விருப்பப்படியே அஸ்தியை டிஸ்க்குகளில் கலந்து வார்த்தார்கள். அதில் ஒன்றை இங்கே வீசினாலும், மனிதர் நேரே தங்கள் பெஞ்சில்தான் போய் உட்காருவார்.

ஆகவே, பெஞ்சை வலப்பக்கம் மாற்றித்தர வேண்டுகிறோம். அதற்கு நிதியில்லை என்றால், இன்னொரு பலகை போதும்: "இங்கு இடக்கைக்காரர்கள் மட்டும் ஆடலாம்." பலகைக்குத் தங்களிடம் நிதித் தட்டுப்பாடு வந்ததே இல்லை.

இப்படிக்கு,
வரிசையில் நிற்கும் வலக்கைக்காரன்