அண்ணாமலையாரும் தலைப்பு 9503-உம்

பெறுநர்: மத்திய நிதி அமைச்சகம், புது டெல்லி.
பொருள்: அளவு மாதிரிகள் மீதான சுங்க வரி – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

நரைத்த தலையோடு பிளாஸ்டிக் விமானம் ஒட்டிக்கொண்டிருக்கும் நான் இன்னும் குழந்தைதானோ என்று வீட்டில் நெடுநாள் சந்தேகம். தாங்கள்தான் அதை அரசாங்கக் காகிதத்தில் தீர்த்துவைத்தீர்கள். சுங்க அட்டவணையின் 9503-ஆம் தலைப்பில் மூன்று சக்கர வண்டிக்கும் புதிர் அட்டைக்கும் நடுவே அளவு மாதிரிகளும் உட்கார்ந்திருக்கின்றன. அந்த வாசகம் உலகத்துக்கே பொது. வரி மட்டும் தங்கள் சொந்தக் கைவேலை: 20 விழுக்காடாக இருந்தது 2020 பட்ஜெட்டில் ஒரே தாவலில் 60, 2023-இல் 70.

மலிவுச் சீனப் பொம்மைகளிடமிருந்து உள்ளூர்க்காரரைக் காப்பாற்ற என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கார்த்திகை தீபத்துக்கு எங்கள் திருவண்ணாமலைத் தேரடி வீதியில் கடை போடும் பொம்மைக்காரர் யாரும், டமியா நிறுவனத்தின் 1:48 அளவு விமானத்தால் வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பி நான் கேட்டதில்லை. அவரிடம் ஊதலும் பலூனும் இருக்கும். ஸ்ப்ரூ என்னும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து உதிரிகளை ஒவ்வொன்றாக வெட்டி, உப்புத்தாள் தேய்த்து, பசை வைத்து, பெயின்ட் அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு டீகால் ஒட்டும் சாமான் இருக்காது. 1953-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் ஸ்பிட்ஃபயர் விமான மாதிரியை இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது, பள்ளிப் பையன் கைக்காசில் வாங்கட்டும் என்று. இன்று இங்கே பையனுடைய அப்பாவே யோசிக்கிறார்.

2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை வேறு. 14 வயதுக்கு உட்பட்டவர் விளையாடுவதுதான் பொம்மை, அதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்கிறது அது. பல மாதிரி கிட் பெட்டிகளின் மேலோ '14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு' என்றே அச்சிட்டிருக்கிறது. ஆக, முத்திரை கேட்கும் மேசையில் அது பெரியவர் பொருள். வரி வாங்கும் மேசைக்கு நகர்ந்ததும் பொம்மை. அண்ணாமலையார் தீபத்தன்று சில நிமிடம் அர்த்தநாரீசுவரராகக் காட்சி தரும் ஊர் எங்களுடையது. ஒரே உடம்பு இரண்டாக நிற்பதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வோமே தவிரக் கேள்வி கேட்க மாட்டோம்.

இன்னொன்று. எங்கள் கோயில் ராஜகோபுரம் 217 அடி. யாராவது வெளிநாட்டுக்காரர் அதை 1:72-இல் வார்த்து அனுப்பினால் மூன்றடி வரும். கிருஷ்ணதேவராயர் தொடங்கிய கோபுரமும் தங்கள் கணக்கில் பொம்மைதான், 70 விழுக்காடு.

புது கிட் அறிவித்துவிட்டு நிறுவனங்கள் வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதற்குத் தங்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு மட்டும் ஒரு யோசனை. நம் தேஜஸ் போர் விமானத் திட்டத்துக்கு 1983-இல் அனுமதி கிடைத்தது; விமானப்படை அணியில் சேர்ந்தது 2016 ஜூலையில். முப்பத்து மூன்று வருடம். அளவு 1:72 என்றால் தாமதமும் 1:72 இருக்கட்டும். ஐந்தரை மாதம் வருகிறது. அதற்கு மேல் போனால் மாதிரி அசலுக்கு உண்மையாக இல்லை என்று அர்த்தம். (விலைக்கும் இதே வகுத்தலைப் போட்டுவிட வேண்டாம், தேஜஸ் விலையில் 72-இல் ஒரு பங்கே கோடியில் வரும்.)

வரியைக் குறையுங்கள் என்று கேட்கப் போவதில்லை. கேட்டு யார் குறைத்தார்கள்? நான் வாங்குவது பொம்மை, ஆகவே நான் சிறுவன் என்று ஒரு வரி எழுதி, முத்திரை குத்தி அனுப்பினால் போதும். திருவண்ணாமலையிலிருந்து சென்னை கடற்கரைக்கு ஒரு ரயில் போகிறது. அதில் எனக்கு அரை டிக்கெட் கொடுக்கும்படி ரயில்வேக்கும் ஒரு நகல்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள பாலகன்,
திருவண்ணாமலை.